ஐந்தாவது புட்டா

ஆரணி,
3 மார்ச் 2025

அன்புள்ள பரிமளாவுக்கு,

போனில் சண்டை வேண்டாம் என்றுதான் இதை ஈமெயிலில் எழுதுகிறேன். சுபாவுக்கு இன்று பிளஸ் டூ முதல் பரீட்சை. தமிழ் சுலபமாக இருந்ததாம். அவள் பக்கத்து அறையில் படிக்கும்போது அப்பன்காரன் இங்கே கத்துவது அழகில்லை. போனில் நாம் சாப்பாடு, தூக்கம், பரீட்சை பற்றி மட்டும் பேசுவோம். மற்றதெல்லாம் கடிதத்தில். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. இப்படி ஒரு காரணத்துக்காக எழுதுவேன் என்று நினைக்கவில்லை.

நேற்று லியோனில் உன் ஓட்டலுக்குப் போன் போட்டேன். நீ வெள்ளிக்கிழமையே அறையைக் காலி செய்துவிட்டாய் என்றாள் அந்த ரிசப்ஷன் பெண். எங்கே போனாய் என்று சொல்ல முடியாதாம். நான் உன் புருஷன் என்றேன். அதற்கப்புறம் அவள் குரலே மாறிவிட்டது. வெடுக்கென்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை போனில் "ரூம் எப்படி கீது?" என்று கேட்டேன். "நல்லா கீதுங்க" என்றாய். எந்த ரூம், பரிமளா?

சுபாவைக் கேட்டேன். "அம்மா ஹாஸ்டலுக்கு மாறிட்டாங்கப்பா, மாடிக் கட்டிலாம்" என்றாள். அதற்கு மேல் அவளைக் கேட்கவில்லை. பரீட்சை நேரத்தில் பிள்ளையை இதில் இழுக்கக் கூடாது. ஆனால் மகளுக்குத் தெரிந்தது புருஷனுக்குத் தெரியாது என்றால் அதற்கு என்ன பெயர்?

நெசவுக் கண்காட்சிக்கு உன்னைக் கூப்பிட்டவர்கள், தங்க இடம் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றதும், மூன்று வாரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தேடியவன் நான். கதவுக்கு இரண்டு பூட்டு, அறைக்குள்ளேயே குளியலறை, காலைச் சாப்பாடு, ஸ்டேஷனுக்குப் பக்கம். விசாவுக்குக் கொடுத்த முகவரியும் அதுதான். சூரத்தில் நாம் ஜரிகை வாங்கப் போனபோது தாழ்ப்பாள் இல்லாத லாட்ஜில் நாற்காலியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தேனே, மறந்துவிட்டாயா?

இன்று ஹாஸ்டல்களைப் பற்றிப் போய் வந்தவர்கள் எழுதியதையெல்லாம் படித்தேன். ஒரே அறையில் பத்துப் பேர். ஆணும் பெண்ணும் கலந்து. ஒருத்தருக்கு லேப்டாப் போயிருக்கிறது, ஒருத்தருக்குப் பாஸ்போர்ட். உன் பெட்டியில் ஆறு புடவை. அதில் உடல் முழுக்க மாதுளைப் பூ புட்டா போட்ட புடவையை ஆரணியில் இன்னும் ஒரு கண் பார்க்கவில்லை. திங்கட்கிழமை ஒரு தறியில் பார்த்த டிசைன் வெள்ளிக்கிழமை இன்னொரு தறியில் ஓடும் ஊர் இது. உனக்குத் தெரியாததா?

ஏன் மாறினாய், ஏன் சொல்லவில்லை. இந்த இரண்டுக்கும் பதில் போடு.

ஹேமநாத்


லியோன்,
4 மார்ச் 2025

என்னங்க,

ஆமாம், மாறினேன். சொல்லவில்லை. "ரூம் நல்லா கீது" என்றது பொய் இல்லை. நல்லாத்தான் இருக்கிறது. எது என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதில் தப்பு என்னுடையதுதான்.

பெண்கள் மட்டும் தங்கும் மாடி. ஆறு கட்டில், மூன்று மேலே, மூன்று கீழே. எனக்கு மேல்கட்டில். கட்டிலுக்கு அடியில் இழுப்பறை மாதிரி ஒரு இரும்புப் பெட்டி, அதில் புடவைகள், அதற்கு நான் ஊரிலிருந்து கொண்டுவந்த பூட்டு. சாவி தாலிச்சரட்டில். போதுமா?

கண்காட்சிக் கூடத்துக்கு நடந்தே போய்விடலாம். நீங்கள் பார்த்த ஓட்டலிலிருந்து இரண்டு டிராம் மாற வேண்டும். ஸ்டேஷனுக்குப் பக்கம் என்று பார்த்தீர்களே, நான் தினமும் ஸ்டேஷனுக்கா போகிறேன்? கீழே சமையலறை இருக்கிறது. ஓட்டலில் காலையில் கொடுத்தது காய்ந்த ரொட்டியும் பன்றிக்கறியும். இங்கே ரசம் வைத்துச் சாப்பிடுகிறேன்.

இன்னொன்று. ஓட்டலில் இரண்டாவது நாள் புடவைகளைப் பிரித்துப் பார்த்தேன், பிளேனில் ஏதாவது கசங்கியிருக்கிறதா என்று. பிரித்தபிறகுதான் தெரிந்தது, மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. பத்தொன்பது வருஷமாக மறுமுனையில் நீங்கள். பட்டைத் தனியாக மடித்துப் பார்த்தேன், நடுவில் தொப்பை விழுந்தது. இரண்டு பூட்டு போட்ட கதவுக்குள்ளே ஆறு கெஜம் பட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழவில்லை. பேஜாராக இருந்தது.

மாறியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை நேரில் சொல்கிறேன். எழுத வரவில்லை.

உங்களை ஒன்று கேட்கவா? நான் அங்கே தங்கிய இரண்டு நாளில் அந்த ஓட்டலுக்கு எத்தனை தடவை போன் போட்டீர்கள்?

சுபாவைப் பத்து மணிக்குமேல் முழித்திருக்க விடாதீர்கள்.

பரிமளா


ஆரணி,
6 மார்ச் 2025

அன்புள்ள பரிமளாவுக்கு,

எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. கண் காணாத தேசத்தில் பெண்டாட்டி இருந்தால் நாலு தடவை போன் போடுவது குற்றமா?

எண்ணியது வேறு ஒன்று.

நேற்று நீ குடும்ப வாட்ஸ்அப்பில் போட்ட படம். உன் மேஜை, பின்னால் நம் கடைப் பெயர், நடுவில் மாதுளைப் பூ புடவை. சித்தப்பா முதல் சின்னம்மா வரை எல்லோரும் பூச்செண்டு அனுப்பினார்கள். நானும் கட்டைவிரலைத் தூக்கினேன். அப்புறம் கடையில் உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

நீ மடித்தால் மேல்முகத்தில் நாலு புட்டா தெரியும். உன் முழங்கை முதல் விரல்நுனி வரை நாலு புட்டாதான். நான் மடித்தால் நாலரை. படத்தில் ஐந்து புட்டா இருக்கிறது. முழுசாக ஐந்து. தம்பி சக்கரவர்த்தியைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன், ஏன் என்று சொல்லாமல். அவனும் ஐந்து என்றான்.

மடிப்பில் சுருக்கமில்லை, தொப்பை இல்லை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கிறது. அப்படியானால் ஒருவர் முனையை இழுத்துப் பிடித்திருக்கிறார், இன்னொருவர் மடித்திருக்கிறார். மடித்தவருக்கு என்னைவிட நீளமான கை. என் உயரம் உனக்குத் தெரியும். என்னைவிட ஒரு ஜாணாவது உயர்ந்த ஆள்.

பெண்கள் மாடி என்று எழுதியிருக்கிறாய்.

நான் வேறெதுவும் சொல்லவில்லை. அந்த டிசைனை வெளியாள் கை நீட்டித் தொட்டிருக்கிறார், முழுதும் பிரித்துப் பார்த்திருக்கிறார், அதுதான் என் கவலை. போட்டோ எடுத்தாரா? தொழில்காரரா? இதைக் கடைக்காரன் என்ற முறையில்தான் கேட்கிறேன்.

நேரில் சொல்கிறேன் என்ற அந்த இன்னொரு காரணம், அது இதுதானா?

ஹேமநாத்


லியோன்,
7 மார்ச் 2025

என்னங்க,

கடைக்காரன் என்ற முறையில் கேட்டதற்குக் கடைக்காரியாகப் பதில்: டிசைன் பத்திரம். கண்காட்சியில் தினமும் முந்நூறு பேர் அதைப் பார்க்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். அதற்குத்தானே இவ்வளவு தூரம் கொண்டுவந்தது? ஒளித்து வைப்பதென்றால் நம் வீட்டுப் பீரோவே போதுமே.

புருஷன் என்ற முறையில் ஒரு கேள்வி உங்கள் தொண்டையில் நிற்கிறது. அதை டிசைன் என்கிறீர்கள், பாஸ்போர்ட் என்கிறீர்கள், தாழ்ப்பாள் என்கிறீர்கள். நேராகக் கேளுங்கள். "யார் மடித்தது?" இரண்டே வார்த்தை. கேட்டால் அந்த நிமிஷமே பதில் வரும். கேட்காதவரைக்கும் நான் சொல்வதாக இல்லை. சந்தேகப்படுவது நீங்கள், அதற்கு விடைத்தாள் எழுதுவது நானா?

என் பங்குக்கு நானும் ஒரு சந்தேகத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரம் நீங்கள் தேடியது நல்ல அறையையா, அறைக்குள் போன் வைத்திருக்கிற இடத்தையா? ஹாஸ்டல் வேண்டாம் என்று முதல் நாளே அடித்துச் சொன்னீர்கள். அங்கே போன் போட்டால் எடுத்துப் பதில் சொல்ல ஆளிருக்காது என்பதாலா?

வேறு விஷயம். இங்கே நெசவுக்கூடத்தில் என்னைச் செப்டம்பரிலிருந்து மூன்று மாதம் வந்து டிசைன் போட்டுத் தரச் சொல்கிறார்கள். மாதுளைப் பூவைப் பார்த்துவிட்டுத்தான். பன்னிரண்டாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். சுபா அதற்குள் காலேஜ் சேர்ந்திருப்பாள். எனக்கு ஆசையாக இருக்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனால் பதினாறு நாளுக்கே இப்படி என்றால் மூன்று மாதத்துக்கு நீங்கள் என்ன ஆவீர்கள் என்று நினைத்து, முடியாது என்று சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். உங்களை இப்படி விட்டுவிட்டு வந்தால் எனக்கும் வேலை ஓடாது.

என்ன சொல்லட்டும்?

பரிமளா


ஆரணி,
8 மார்ச் 2025

அன்புள்ள பரிமளாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நிதானமாகப் படித்தேன். நீ சொல்வதெல்லாம் நியாயம். எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. யார் மடித்தால் என்ன, புடவை அழகாக இருந்தால் சரி.

இங்கே எல்லாம் நலம். வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. கண்ணமங்கலத்திலிருந்து ஒரு கல்யாணப் பார்ட்டி வந்து பதினோரு புடவை எடுத்தார்கள். பெண்ணின் அம்மா உன்னைத்தான் கேட்டார். "அக்கா இல்லியா? அவங்க எடுத்துக் குடுத்தாத்தான் கலர் அமையும்" என்றார். ஃபாரினில் இருக்கிறாய் என்றதும் சக்கரவர்த்தி பெருமையாக, "அண்ணி ஒண்டியாத்தான் போயிகீறாங்க, ஓட்டல்ல தங்கிகினு" என்று அளந்துகொண்டிருந்தான். நான் அவனைத் திருத்தவில்லை.

செப்டம்பர் பற்றி நீ வந்ததும் பேசலாம். என்ன அவசரம்? பன்னிரண்டாம் தேதி என்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்.

குளிர் எப்படி? காலையில் எத்தனை மணிக்கு ஹாஸ்டலிலிருந்து கிளம்புகிறாய்? நடந்து போகிறாய் என்றாயே, தனியாகவா, யாராவது துணை உண்டா? அந்தத் தெருவின் பெயர் என்ன? சும்மா மேப்பில் பார்க்கலாம் என்றுதான்.

சுபா நன்றாகப் படிக்கிறாள்.

அன்புடன்,
ஹேமநாத்


லியோன்,
10 மார்ச் 2025

ஹேமநாத் அவர்களுக்கு,

பெயர் சொல்லி எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்று வேறு எப்படியும் கூப்பிட வரவில்லை.

செய்யாற்றுக்காரர் ஜெயவேல் என்பவரை உங்களுக்குத் தெரியும். இந்த ஊரில் ஒரு ஓட்டலில் பன்னிரண்டு வருஷமாகச் சமையல் வேலை. உங்கள் தம்பி சக்கரவர்த்தியின் மச்சானுக்குச் சிநேகிதர். ஐம்பது வயது மனுஷன், தலையில் மஃப்ளர் கட்டிக்கொண்டு நேற்றும் இன்றும் காலை எட்டு மணிக்கு எங்கள் ஹாஸ்டலுக்கு எதிரே டிராம் நிறுத்தத்தில் நின்றார். ஒரு டிராமிலும் ஏறவில்லை. எட்டு மணி, தெருப் பெயர் இரண்டையும் நான் வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்பியது ஞாயிற்றுக்கிழமை காலையில். அரை மணி நேரத்தில் ஆள் வந்துவிட்டார். இதில் மட்டும் நீங்கள் நல்ல ஜல்தி.

முதலில் அவரைப் பார்த்தது நான் இல்லை, என்னோடு நடந்து வந்த மார்த்தா. அவர்தான் தெருவைத் தாண்டிப் போய், என்ன வேண்டும் என்று கேட்டார். பாவம், மனுஷன் மஃப்ளரை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். என்னைப் பார்த்து, "மன்னிச்சிடுமா. உன் வூட்டுக்காரருதான் யாரோட போவுதுன்னு பாத்து ஒரு போட்டோ அனுப்பச் சொன்னாரு. நேத்தே அனுப்பிட்டேன். நெட்டையா, முடி வெட்டிகினு, கோட்டு போட்டுகினு இருந்துச்சா, ஆம்பளைன்னே நெனச்சிட்டேன்" என்றார்.

மார்த்தாவுக்கு அறுபத்து நாலு வயது. ஹாலந்துக்காரர். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஆறடிக்கு மேல் உயரம், ஆண்பிள்ளை மாதிரி கிராப்பு. எனக்குக் கீழ்க்கட்டில். புடவையை மடித்தது அவர்தான். முனையைப் பிடித்தது நான். அவர் கைக்கு ஐந்து புட்டா வந்தது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். படம் எடுப்பதற்கு முன்னால் நானே பிரித்து நாலு புட்டாவுக்கு மடித்திருக்கலாம். மார்த்தா முனையைப் பிடித்திருப்பார். வேண்டுமென்றேதான் ஐந்தை அப்படியே விட்டேன். நீங்கள் எண்ணுவீர்கள் என்று எனக்குத் தெரியும். எண்ணிவிட்டுச் சிரித்துக்கொண்டே, "யாருடி அந்த நீட்டுக்கை?" என்று கேட்பீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் கேட்கவில்லை. ஆள் வைத்தீர்கள்.

நேரில் சொல்கிறேன் என்ற காரணத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். நீங்கள் அந்த ஓட்டலுக்கு இரண்டு நாளில் பதினோரு தடவை போன் போட்டீர்கள். வந்துவிட்டாளா, எத்தனை மணிக்கு வந்தாள், கூட யார் வந்தது. ரிசப்ஷன் பெண் எல்லாவற்றையும் சின்னச் சின்னக் காகிதத்தில் எழுதி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் அந்தக் காகிதங்களோடு ஒரு அட்டையையும் கையில் வைத்து அழுத்தினாள். அதில் ஒரு போன் நம்பர். புருஷனிடம் அடி வாங்கும் பெண்கள் உதவிக்குக் கூப்பிடுகிற நம்பர். "நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்களா, மேடம்?" என்று கேட்டாள்.

நீங்கள் என்னை ஒரு நாளும் கை நீட்டி அடித்ததில்லை. அவளிடம் அதைச் சொன்னேன். அவள் நம்பவில்லை. எனக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் கூசியது. அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஹாஸ்டலில் யாரும் யார் வந்தார்கள் போனார்கள் என்று எழுதி வைப்பதில்லை.

செப்டம்பருக்கு முடியாது என்று சொல்லத்தான் இருந்தேன். இன்று மதியம் சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

பரிமளா


ஆரணி,
11 மார்ச் 2025

பரிமளா,

கடையில் வைத்துப் படித்தேன். படித்துவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். சக்கரவர்த்தி வந்து "இன்னாண்ணா, உடம்பு சரியில்லியா?" என்றான். வீட்டுக்குப் போ என்று அனுப்பிவிட்டேன்.

பதினோரு தடவையா? நாலு என்றுதான் சத்தியமாக நினைத்திருந்தேன். போனை எடுத்துப் பார்த்தேன். பதினோரு தடவைதான்.

ஜெயவேல் அனுப்பிய போட்டோ ஞாயிற்றுக்கிழமை மதியமே வந்துவிட்டது. நீயும் ஒரு நெட்டைக் கோட்டும், பின்பக்கம். நீ சிரித்துக்கொண்டு போகிறாய். அதை நான் நாற்பது தடவை பார்த்திருப்பேன். உன்னை அப்படிச் சிரிக்க வைத்தது யார் என்றுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டிசைன் எல்லாம் சும்மா. அது உனக்கே தெரியும்.

வீட்டுக்கு வந்தேன். சுபா புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். பரீட்சை நேரத்தில் கேட்கக் கூடாது என்று இத்தனை நாள் அடக்கி வைத்ததைக் கேட்டேன். "மார்த்தா யாருன்னு தெரியுமா?"

"மார்த்தா ஆன்ட்டியா? தெனம் சாயங்காலம் வீடியோல பேசறேனே" என்றாள். "பொடவைய எப்படி மடிக்கணும்னு அவங்களுக்கு நான்தானேப்பா இங்கேர்ந்து சொல்லிக் குடுத்தேன். மொழங்கையில போட்டு இழுங்கன்னு சொன்னா, அவங்க கை இவ்ளோ நீளம், அஞ்சு புட்டா வந்துடுச்சி. அம்மா வுயுந்து வுயுந்து சிரிச்சாங்க."

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"நீங்க கேக்கவேயில்லையே" என்றாள். சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நம் சண்டை பிள்ளை காதில் விழக் கூடாது என்று கடிதம் எழுதினேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஒன்றும் தெரியாமல் இந்த வீட்டில் இருந்தவன் நான் ஒருத்தன்தான். வெட்கமாக இருக்கிறது, பரிமளா. இதை எழுதும்போது காது சுடுகிறது.

கையெழுத்துப் போட்டது போட்டதுதான். திருப்பி வாங்கச் சொல்லவில்லை. செப்டம்பருக்கு நான் அறை தேட மாட்டேன். ஓட்டலோ ஹாஸ்டலோ நீயே பார்த்துக்கொள்.

நேராகக் கேள் என்றாயே. யார் மடித்தது என்பது என் கேள்வி இல்லை. நீ ஊரை விட்டுக் கிளம்பிய நிமிஷத்திலிருந்து எனக்குள்ளே ஒரே கேள்விதான். அதைத்தான் பதினோரு விதமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது கேட்கிறேன். வெள்ளிக்கிழமை பிளேன் ஏறினால் நீ நம் வீட்டுக்குத்தானே வருவாய்?

ஹேமநாத்


லியோன்,
12 மார்ச் 2025

என்னங்க,

வீட்டுக்குத்தான் வருவேன். வேறெங்கே போவேன்? சனிக்கிழமை சென்னையில் இறங்கி நானே பஸ் பிடித்து வந்துவிடுகிறேன். ஏர்போர்ட்டுக்கு வர வேண்டாம். ஆரணி பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நில்லுங்கள், பெட்டி கனம்.

ஜெயவேல் அண்ணன் நேற்று ஒரு டப்பா நிறையப் புளியோதரை கொண்டுவந்து ஹாஸ்டல் வாசலில் வைத்துவிட்டு, தலையைத் தூக்காமல் போய்விட்டார். மார்த்தாவுக்குக் காரத்தில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு கரண்டி சாப்பிட்டார்.

மாதுளைப் பூ புடவையை அப்படியே ஐந்து புட்டாவோடு கொண்டுவருகிறேன். பழைய மடிப்பிலேயே கிடந்தால் ஜரிகை உடையும் என்று கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் மடிப்பு மாற்றச் சொல்லித் தருகிறவர் நீங்கள். ஐந்தைப் பார்த்ததும், மடிப்பு மாற்றியிருக்கிறாள் என்று ஏன் உங்களுக்குத் தோன்றவில்லை என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.

செப்டம்பருக்கு இதே ஹாஸ்டலில் இதே கட்டில் சொல்லி வைத்துவிட்டேன். முகவரி உங்களிடம் இருக்கிறது. கீழே கவுன்ட்டரில் ஒரு போனும் இருக்கிறது. இத்தனை நாள் அதை உங்களிடம் சொல்லவில்லை. நம்பரைத் தனியாக வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன்.

அந்த ஓட்டல் பெண் கொடுத்த அட்டையை நான் தூக்கிப் போடவில்லை. பர்ஸில் இருக்கிறது, சுபா போட்டோவுக்குப் பின்னால். செப்டம்பரில் மறுபடி அதோடுதான் கிளம்புவேன். நீங்கள் என்னைப் பற்றி விசாரித்ததாக மூன்று மாதமும் கவுன்ட்டரில் ஒரு காகிதம்கூட எழுதி வைக்காமல் இருந்தால், டிசம்பரில் வந்து அதை உங்கள் கையில் தருகிறேன். கிழித்துப் போடுங்கள்.

பரிமளா